அமைதியான அருவியும் அடங்காத வெள்ளமும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் தோட்டங்களில் ஒரு பேச்சு தானாகவே எழும். "இந்தத் தடவை எங்கே போகலாம்?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கெடாவில் வாழும் நமக்கு இந்தக் கேள்விக்கு விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பீடோங், குரூண், சுங்கை பட்டாணிப் பக்கத்தில் இருப்பவர்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஜெராய் மலை தெரியும். அந்த மலையின் ஒரு பக்கம் மெர்போக் அருகே தூப்பா அருவி. மறுபக்கம் யான் வட்டாரத்தில் தீத்தி ஹாயுன், செரி பெரிகி அருவிகள். கூலிம் பக்கத்தாருக்கு ஜூன்ஜோங். சீக்கிலே லாத்தா மெங்குவாங், பாலிங்கிலே லாத்தா புக்கிட் ஹீஜாவ். மலாய் மொழியில் லாத்தா என்றாலே அருவி என்றுதான் பொருள்.

வேன் ஒன்றைப் பேசி, சோறும் கறியும் கட்டிக்கொண்டு, பாய், துண்டு, பிள்ளைகளுக்கு மாற்று உடை எல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று குடும்பங்களாகப் புறப்பட்டுவிடுவோம். செலவு குறைவு, மகிழ்ச்சி அதிகம். கைகால் வலிக்க மரம் வெட்டியவர்களுக்கும், செம்பனைக் குலை சுமந்தவர்களுக்கும் குளிர்ந்த அருவி நீர் மருந்துபோல் இருக்கும். இந்த இன்பத்தை வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. அருவியை அறிந்துகொண்டு போக வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் உலகத்தின் மிகப் பலமான அருவிகளில் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவோம். ஆப்பிரிக்காவிலே உகாண்டா என்றொரு நாடு. அங்கே 1952ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பெரியதொரு வனவிலங்குப் பூங்கா இருக்கிறது. யானை, ஒட்டகச்சிவிங்கி, சிங்கம் எல்லாம் அங்கே சுதந்திரமாகத் திரிகின்றன. அந்தப் பூங்காவின் நடுவே நைல் நதி பாய்கிறது. அகன்று விரிந்து வரும் அந்த நதி, ஓரிடத்தில் ஏறக்குறைய 7 மீட்டரே அகலமுள்ள ஒரு பாறைப் பிளவுக்குள் நுழைந்து, 43 மீட்டர் கீழே விழுகிறது. மெர்ச்சிசன் அருவி என்று அதற்குப் பெயர். 1864ஆம் ஆண்டில் அதைக் கண்ட சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்தின் அரச புவியியல் சங்கத் தலைவராக இருந்தவரின் பெயரை அதற்குச் சூட்டினார்.

ரப்பர் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது அதன் வாயை விரலால் பாதி மூடிப் பாருங்கள். அதுவரை சாதாரணமாக ஒழுகிய தண்ணீர் பீறிட்டுத் தூரத்திலே போய் விழும். வழி குறுகினால் வேகம் கூடும். ஒரு மாபெரும் நதியின் வாயையே பாறைகள் அப்படி மூடினால் என்ன ஆகும்? அதுதான் மெர்ச்சிசன் அருவி. அதன் முழக்கம் வெகுதூரத்துக்குக் கேட்கும். நீர்த்திவலை புகைபோல் எழும். கீழே முதலைகளும் நீர்யானைகளும் கிடக்கும். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவரும் படகைக்கூட அருவிக்குச் சற்றுத் தொலைவிலேயே நிறுத்திவிடுவார்கள். அதற்குமேல் நீரோட்டம் விடாது.

இப்போது ஒரு கேள்வி. அந்த மெர்ச்சிசன் அருவி ஆபத்தானதா, நம் ஊர்த் தீத்தி ஹாயுன், தூப்பா போன்ற அருவிகள் ஆபத்தானவையா? யாரைக் கேட்டாலும், "இதென்ன கேள்வி? ஆப்பிரிக்க அருவிதான்" என்பார்கள். ஆனால் எண்ணிப் பாருங்கள். அந்த அருவிக்குள் இறங்கிக் குளிக்க யாருக்காவது மனம் வருமா? குழந்தையைக் கொண்டுபோய் அதன் நடுவிலே உட்கார வைப்பார்களா? மாட்டார்கள். அது கர்ச்சிக்கிறது, "கிட்டே வராதே" என்று அதுவே சொல்லிவிடுகிறது. நம் ஊர் அருவி அப்படியா? கணுக்கால் அளவுத் தண்ணீர், வழுவழுப்பான பாறை, நிழல் தரும் மரம், தெளிந்த மடு. அது நம்மை வா என்று அழைக்கிறது. அதனால்தான் நாம் குழந்தை குட்டிகளோடு அதன் வழியிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறோம். கர்ச்சிக்கும் அருவியைவிட அமைதியான அருவிக்கே நாம் அதிகம் அஞ்ச வேண்டும்.

ஏன் என்று பார்ப்போம். நாம் குளிக்கும் இடத்தில் தெரிவது அருவியின் கால்மாடு மட்டுமே. அதன் தலைமாடு மலையுச்சியில் காட்டுக்குள் இருக்கிறது. ஜெராய் மலை ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். கடலோரத்தில் தனித்து நிற்கும் மலை. கடாரம் என்று நம் முன்னோர் அழைத்த இந்த மண்ணுக்குக் கப்பலில் வந்தவர்களுக்கு இதுவே கரையைக் காட்டும் அடையாளமாக இருந்தது. கடலிலிருந்து ஈரக்காற்று வந்து இந்த மலைமீது மோதும். மோதிய காற்று மேலே ஏறும். ஏற ஏறக் குளிரும். குளிர்ந்தால் மேகமாகி மழையாகப் பொழியும். அதனால் அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே உச்சியில் கனமழை பெய்யலாம். கீழே குளிப்பவருக்கு ஒரு துளியும் விழாது. ஆனால் மேலே விழுந்த துளியெல்லாம் அவரை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கும்.

அது எவ்வளவு தண்ணீர்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். நம் லயத்து வீடு ஒன்றின் கூரை 60 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தக் கூரையிலிருந்து மட்டும் 3,000 லிட்டர், அதாவது 3 டன் தண்ணீர் வடியும். 200 லிட்டர் பிடிக்கும் எண்ணெய்ப் பீப்பாய்கள் பதினைந்து நிரம்பிவிடும். ஒரே ஒரு வீட்டுக் கூரைக்கே இவ்வளவு!

மலையும் ஒரு கூரைதான். அதன் சரிவில் இரண்டு சதுர கிலோமீட்டர் இடத்துத் தண்ணீர் ஒரே ஓடையில் வந்து சேர்கிறது என்று கொள்வோம். அதே 50 மில்லிமீட்டர் மழை அங்கே பெய்தால் ஒரு லட்சம் டன் தண்ணீர். பாதியை மண்ணும் மரமும் குடித்துக்கொண்டாலும் மீதி 50,000 டன். பத்து டன் ஏற்றும் லோரிகள் 5,000 வேண்டும் அதைச் சுமக்க. அத்தனையும் நாம் கால் நனைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சிறிய ஓடை வழியாகத்தான் இறங்க வேண்டும். அகன்ற நைல் நதி குறுகிய பிளவில் நுழைவதைப்போல, அகன்ற மலையின் மழை குறுகிய ஓடையில் நுழைகிறது. அந்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு நம் ஊர் அருவியும் ஒரு மெர்ச்சிசன் அருவியாகிவிடுகிறது.

இப்படித் திடீரென்று இறங்கும் காட்டாற்று வெள்ளத்தை மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்பார்கள். அது வெறும் தண்ணீராக வருவதில்லை. மழையில் ஊறிய மலைச்சரிவு மண் சரிந்து ஓடையில் விழும். விழுந்த மரங்களும் பாறைகளும் ஓரிடத்தில் குறுக்கே கிடந்து அணைபோல் அடைத்துக்கொள்ளும். அதன் பின்னால் தண்ணீர் தேங்கும். தேங்கிய நீரின் பாரம் தாங்காமல் அந்த அடைப்பு உடையும்போது, மண்ணும் மரமும் கல்லும் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து மதில்போல் எழுந்து வரும். நீரின் வேகம் இருமடங்கானால் அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை இருமடங்காவதில்லை, 64 மடங்குவரை கூடும் என்று ஆற்றோட்டத்தை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். ஆறு ஆட்கள் சேர்ந்து தள்ளினாலும் அசையாத பாறையை வெள்ளம் பந்துபோல் உருட்டுவதன் இரகசியம் இதுதான்.

இது ஏட்டுக்கணக்கு அல்ல. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18ஆம் நாள் ஜெராய் மலையில் பெருமழை பெய்தது. மலையின் பல பக்கங்களிலும் சரிவுகள் இடிந்தன. யான், மெர்போக் வட்டாரங்களில் வெள்ளம் பாறைகளையும் மரங்களையும் அள்ளிக்கொண்டு வந்து வீடுகளையும் பாலங்களையும் தாக்கியது. தீத்தி ஹாயுன் போன்ற இடங்கள் அடையாளம் தெரியாமல் போயின. உயிர்களும் போயின. அடுத்த ஆண்டே, 2022 ஜூலை 4ஆம் நாள், பாலிங் மாவட்டத்தின் கூப்பாங் பகுதியில் அதே கொடுமை நிகழ்ந்தது. கம்போங் ஈபோய் என்ற ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேறும் மரமும் கலந்த வெள்ளம் புரட்டிப்போட்டது. மூவர் மாண்டனர், அவர்களில் ஒருவர் கருவுற்ற தாய்.

தமிழ்நாட்டிலும் இதுவே கதை. குற்றாலத்தை அறியாத தமிழர் இல்லை. 2024ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று வெள்ளம் பாய்ந்து, பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துச் சென்றது. வெள்ளம் கூடும் நாளில் குற்றாலத்தில் குளிக்க விடாமல் தடுப்பார்கள். "இவ்வளவு தூரம் வந்தும் குளிக்க விடவில்லையே" என்று வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். தடுப்பது எதற்காக என்று இப்போது நமக்குப் புரிகிறதல்லவா?

நாங்கள் நேரில் கண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மூன்று குடும்பங்களாக ஜெராய் அடிவாரத்தில் ஓர் அருவிக்குப் போயிருந்தோம். நல்ல வெயில். பிள்ளைகள் மடுவில் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் ஓடையின் நடுவே இருந்த தட்டைப் பாறையில் அடுப்பு மூட்டிக் கோழிக்கறி வைத்தார்கள். எங்களோடு வந்திருந்த பாட்டி ஒருவர், நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர், கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து, "டேய், தண்ணி நிறம் மாறுது. பிள்ளைங்களைத் தூக்குங்கடா" என்று சத்தம் போட்டார்.

எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்ன பாட்டி, கறி கொதிக்குது" என்று ஒருவர் சிரித்தார். பாட்டி சிரிக்கவில்லை. "கறி கிடக்கட்டும். பச்சை இலை மிதந்து வருது பார். மேலே மழை" என்றார். அவர் குரலில் இருந்த கண்டிப்பைக் கேட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினோம். பத்து நிமிடம் ஆகியிருக்காது. தூரத்தில் லோரி வருவதுபோல் ஓர் உறுமல். அடுத்த கணம் செம்மண் குழம்பாகத் தண்ணீர் வந்தது. தட்டைப் பாறை மறைந்தது. அடுப்பு, சட்டி, செருப்பு எல்லாம் போயின. பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். அன்று பாட்டியின் கண் இல்லாவிட்டால் இந்தப் பேச்சை வேறு விதமாகப் பேச நேர்ந்திருக்கும்.

பாட்டிக்கு இது யார் சொல்லிக் கொடுத்தது? தொழில் சொல்லிக் கொடுத்தது. விடியுமுன் எழுந்து வானத்தைப் பார்ப்பது பால்மரம் வெட்டுபவர்களின் பழக்கம். பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. அதனால் மேகத்தையும் காற்றையும் படிக்க அவர்களுக்குத் தெரியும். ஆனால் இங்கே ஒரு சங்கடமும் இருக்கிறது. மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லாத நாளில்தான் "அருவிக்குப் போய்விட்டு வரலாமே" என்று தோன்றும். காலையில் பெய்து ஓய்ந்த மழை மலைமண்ணை ஏற்கெனவே ஊறவைத்திருக்கும். ஊறிய மண் மேற்கொண்டு தண்ணீரைக் குடிக்காது. பிற்பகலில் இன்னொரு மழை வந்தால் அத்தனையும் ஓடைக்குத்தான் வரும். ஆகவே மழை விட்ட நாள் அருவிக்கு ஏற்ற நாள் அல்ல.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியவை என்ன? சிலவற்றை மனத்தில் பதித்துக்கொள்வோம்.

முதலாவது, நாளும் பொழுதும் பார்த்துப் போவது. கெடாவில் சனவரி, பிப்ரவரி மாதங்கள் பொதுவாக வறண்டவை. ஏப்ரல், மே மாதங்களிலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் பிற்பகல் இடிமழை அதிகம். ஆனால் ஜெராய் வெள்ளம் ஆகஸ்டிலும் பாலிங் வெள்ளம் ஜூலையிலும் வந்ததை மறக்கக்கூடாது. எந்த மாதமானாலும் காலையில் போய்ப் பிற்பகல் மழைக்கு முன் திரும்பிவிடுவது நல்லது. புறப்படுமுன் வானிலை அறிவிப்பைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அருவி மூடப்பட்டிருக்கிறது என்று பலகை வைத்திருந்தால், அதைத் தாண்டிப் போவது வீரம் அல்ல.

இரண்டாவது, போனவுடன் சட்டையைக் கழற்றுமுன் வழியைப் பார்ப்பது. வெள்ளம் வந்தால் எந்தப் பக்கம் ஏறுவது? வயதானவர்களும் ஏறக்கூடிய பாதை எங்கே இருக்கிறது? ஓடையின் நடுப்பாறையிலும் நடுத்திட்டிலும் அடுப்பு வைக்கக்கூடாது, பாய் விரிக்கக்கூடாது. வண்டியையும் கரையோரம் நிறுத்தக்கூடாது. மறுகரைக்குப் போய்விட்டால் வெள்ளத்தில் திரும்பிவர முடியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, ஒருவரைக் காவல் வைப்பது. எல்லாரும் ஒரே நேரத்தில் குளிக்க வேண்டாம். பெரியவர் ஒருவர் மேட்டில் உட்கார்ந்து தண்ணீரையும் மலையுச்சியையும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். மணிக்கு ஒருவராக மாறிக்கொள்ளலாம். அவர் கவனிக்க வேண்டியவை இவை: தெளிந்த நீர் கலங்குவது; பச்சை இலை, குச்சி, நுரை மிதந்து வருவது; நீர்மட்டம் விரலளவு உயர்வது; மேலே உறுமல் கேட்பது; மலைமுகட்டில் கருமேகம் கவிவது. தண்ணீர் காரணமின்றித் திடீரென்று குறைந்தாலும் கவனம் வேண்டும். மேலே எங்கோ அடைபட்டிருக்கலாம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விவாதம் வேண்டாம். உடனே ஏறிவிட வேண்டும். ஏறும்போது ஓடையின் வழியே கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டை நோக்கிப் போக வேண்டும்.

நான்காவது, போன பொருளைத் தேடிப் போகாமல் இருப்பது. செருப்புக்கும் சட்டிக்கும் கைத்தொலைபேசிக்கும் திரும்பி இறங்கியவர்கள் உண்டு. முழங்கால் அளவு வெள்ளமே ஓர் ஆளைச் சாய்த்துவிடும். யாரையாவது தண்ணீர் இழுத்துவிட்டால், நீந்தத் தெரியும் என்று குதிக்கக்கூடாது. கயிறு, மூங்கில், மூடிய காலிப் பிளாஸ்டிக் தோம்பு எது கிடைத்தாலும் எறிந்து உதவ வேண்டும். 999 என்ற எண்ணுக்கு அழைத்தால் தீயணைப்பு மீட்புப் படையினர் வருவார்கள். மறுகரையில் மாட்டிக்கொண்டவர்கள் மேட்டிலேயே காத்திருக்கட்டும். இவ்வகை வெள்ளம் வேகமாக வருவதைப்போலவே பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

இன்னும் ஒன்று. நம் பெற்றோரும் பாட்டனாரும் மேட்டுத் தோட்டங்களில் கன்று நட்டபோது, சரிவை அப்படியே விட்டுவிடவில்லை. படிபடியாக வெட்டினார்கள், மண் தேங்கக் குழி தோண்டினார்கள், மூடுபயிர்க் கொடியைப் படரவிட்டார்கள். வெறும் மண்மீது மழை விழுந்தால் மண் ஓடிவிடும் என்பது அவர்கள் அறிந்த பாடம். மலைக்காடு அந்த வேலையை இயற்கையாகவே செய்கிறது. இலை மழையின் அடியைத் தாங்குகிறது. வேர் மண்ணைப் பிடிக்கிறது. சருகு தண்ணீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி மெல்ல விடுகிறது. பாலிங் வெள்ளத்தின்போது மலைமேல் காடு அழிக்கப்பட்டதா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது அதனால்தான். காட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. மரம் அடர்ந்த மலையும் மிகப் பெரிய மழையில் சரியும். ஆனால் காடு இல்லாத மலை சிறிய மழையையும் தாங்காது. ஆகவே மலைக்காட்டைக் காப்பது அடிவாரத்தில் வாழும் நம்மைக் காப்பதாகும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அருவியில் காலடியில் உள்ள ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது. தலைக்கு மேலே உள்ள மலையையும் பார்க்க வேண்டும். அடுத்த விடுமுறைக்கு அருவிக்குப் போங்கள். பிள்ளைகளைக் குளிக்க விடுங்கள். கறி சமைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் மேட்டிலே ஒரு பாட்டியை உட்கார வையுங்கள். அவர் ஏறு என்றால், ஏன் என்று கேட்காமல் ஏறிவிடுங்கள்.